ஸ்டீல் பீரோவில் ஒட்டியிருந்த பொட்டு

மலாய் நாட்டில், எங்கள் கிள்ளானில், கேட்டவர்களிடமெல்லாம் என் தங்கையின் மூக்குத்தியை வாங்கிவரப் போகிறேன் என்றுதான் சொன்னேன். எங்கள் அம்மா போட்டிருந்த ஏழுகல் மூக்குத்தி அது. விட்டுவிடக் கூடாததுதான். ஆனாலும் ஒரு மூக்குத்திக்காகக் கடல் தாண்டுகிறவள் இல்லை நான். என் தங்கை பாக்கியம் என்மேல் கோபத்தோடு செத்தாளா, கோபம் தீர்ந்து செத்தாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. செத்தவளிடம் கேட்க முடியாது. அவள் இருந்த இடங்களையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டேன்.

கோபத்துக்குக் காரணம் ஒரு பொட்டு. பதினொரு வருடத்துக்கு முன் அவள் புருஷன் இறந்தபோது நான் ஓடிவந்தேன். எங்களுக்கு அம்மா இல்லை, மூத்தவள் நான். பத்தாம் நாள் என் முந்தானையை நனைத்து அவள் நெற்றியை நானே துடைத்தேன். முறை தவறாமல் செய்தேன் என்ற பெருமையோடுதான் திரும்பிப் போனேன். அடுத்த வருடம் யாரோ ஒரு போட்டோ அனுப்பினார்கள். பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் ஓட்டலில் பாக்கியம் இலை போட்டுக்கொண்டிருக்கிறாள். நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் பூ. உடனே போன் போட்டேன்.

“வேலைக்கு வெக்கச் சொல்றாங்கக்கா,” என்றாள்.

“சொன்னா வெச்சுக்குவியா? என் முகத்துல கரியப் பூசாதே,” என்றேன்.

“சரிக்கா,” என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. சின்னவள்தானே முதலில் கூப்பிட வேண்டும் என்று இருந்துவிட்டேன். அந்தச் ‘சரிக்கா’வுக்குள் என்ன இருந்தது என்று பத்து வருடமாக யோசிக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் ஸ்டெல்லா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். பொத்தேரியில் ஒரு பெரிய சமையல்கூடத்தில் பாக்கியத்தோடு வேலை செய்தவள். லீவு நாளில், தூக்கத்திலேயே பாக்கியம் போய்விட்டாள் என்றாள். நான் அப்போது முட்டி ஆபரேஷன் செய்து படுக்கையில் இருந்தேன். காரியத்தையெல்லாம் கூட வேலை செய்த பெண்களே பார்த்துக்கொண்டார்கள். சமையல்கூடத்தில் பாக்கியத்தின் பெட்டி பூட்டியபடி இருக்கிறது, ரத்த சொந்தம் நேரில் வந்தால்தான் திறப்பார்கள் என்றும் ஸ்டெல்லா சொன்னாள். மூக்குத்தி அந்தப் பெட்டிக்குள் இருந்தது.

வந்து இறங்கிய முதல் நாளே ஆட்டோக்காரர் என்னைத் தாம்பரத்தில் தப்பான பக்கத்தில் இறக்கிவிட்டார். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கிழக்கு, அந்தப் பக்கம் மேற்கு. ஸ்டெல்லா மேற்கில் காத்திருந்தாள்.

“எந்தப் பக்கம்னு நீ சொல்லவே இல்லியே ஆயா,” என்றார் ஆட்டோக்காரர்.

“ஆயான்னு கூப்பிடாதே. அம்மான்னு சொல்லு.”

“சரிம்மா. படி ஏறி அந்தாண்ட போய்க்கினே இரு, மேற்கு தானா வந்துடும்.”

மேற்கு தானாக வரவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். கீழே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். வெறும் நெற்றி, கழுத்தில் சின்னச் சிலுவை. என்னைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த குடை நழுவி விழுந்தது. அதை எடுக்கக்கூடச் செய்யாமல் என் முகத்தையே பார்த்தாள்.

“என்னம்மா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல பெரியக்கா. வெயில்,” என்றாள். பாக்கியம் அவளுக்கு அக்கா, அதனால் நான் பெரியக்கா. வெயில் அப்படி ஒன்றும் அடிக்கவில்லை.

பக்கத்தில் ஒரு டிபன் கடையில் உட்கார்ந்தோம். பொங்கலில் மிளகை முழுசாகப் போட்டிருந்தார்கள், அது எனக்குப் பிடித்தது. சாம்பார் இனித்தது, அது பிடிக்கவில்லை. நான் கிள்ளானில் முப்பத்திரண்டு வருடம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தியவள். இன்னொருத்தர் கடையில் உட்கார்ந்தால் என் கண் சும்மா இருக்காது. பரிமாறுகிறவர்கள் எல்லோரும் கறுப்புத் தொப்பி போட்டிருந்தார்கள். தொப்பிக்குக் கீழே வலை. வாய்க்கு முன்னால் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு தடுப்பு. பேசப் பேச அதில் ஆவி படிந்து வாய் மறைந்துபோனது. வாய் இல்லாத ஒருவர் வந்து, “வேற என்ன வேணும்?” என்று கேட்டார்.

பக்கத்து மேசையில் மூன்று பேர் சாப்பிட்டார்கள். நாலாவது நாற்காலியில் தங்கள் ஹெல்மெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற உயரம். சர்வர் வந்து நாலு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். மூன்று பேரும் அதைக் கவனிக்கவில்லை. ஹெல்மெட்டின் முகக்கண்ணாடி அந்த டம்ளரைப் பார்த்தபடி இருந்தது.

அவர்களில் ஒருவன் தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டே தோசை தின்றான். என் கடையில் இலைக்கு முன் உட்கார்ந்தால் தொப்பியைக் கழற்றியாக வேண்டும். மலாய்க்காரர் வைக்கிற சொங்கோக் தொப்பி, சீக்கியர் கட்டுகிற தலைப்பாகை, அதெல்லாம் சாமிக்காக வைப்பது, அதில் நான் தலையிட மாட்டேன். பந்து விளையாடுகிற தொப்பியோடு உட்கார்ந்தால் எவனாக இருந்தாலும் ரசம் ஊற்ற மாட்டேன்.

“தம்பி, தொப்பியக் கழட்டிட்டுச் சாப்பிடலாமே,” என்றேன்.

“கழட்டினா முடி கலைஞ்சிடும்மா. ஒம்போது மணிக்கு மேனேஜர் வீடியோல வருவாரு.”

“அவரும் தொப்பியோடதான் வருவாரா?”

“அவருக்கு முடியே இல்லம்மா,” என்றான். மூவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலாவது டம்ளர் தண்ணீர் அப்படியே இருந்தது.

பாக்கியம் குடியிருந்தது அனகாபுத்தூரில் ஒரு சந்துக்குள், ஒற்றை அறை. மாதக் கடைசிவரை நான் அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று வீட்டுக்காரம்மாள் சொல்லியிருந்தார். சுவரில் இடுப்புயரத்துக்கு ஆற்று வெள்ளம் விட்டுப்போன கோடு. கோட்டுக்கு மேலே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. நான் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் பார்த்தேன். பெண் ஒருத்தி பொட்டு வைத்தால் கண்ணாடியில் தடம் இருக்கும். குளிக்கப் போகும்போது எடுத்து ஒட்டுவாள், மறந்துபோவாள், பசை நிற்கும். இந்தக் கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை. குங்குமச் சிமிழும் இல்லை, பொட்டு அட்டையும் இல்லை.

“வெறும் நெத்தியோடதான் போவாங்க, வெறும் நெத்தியோடதான் வருவாங்க,” என்றார் வீட்டுக்காரம்மாள்.

என் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறாள் என்று முதலில் சந்தோஷமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. இத்தனை சுத்தமாக ஒருத்தி கேட்டு நடந்தால் அது கோபமாகத்தான் இருக்கும்.

மறுநாள் பள்ளிக்கரணைக்குத் தனியாகப் போனேன், அந்த ஓட்டலைப் பார்க்க. சாலையோரம் சதுப்பில் வெள்ளைப் பறவைகள் அசையாமல் நின்றன. பஸ் போகிற சத்தத்துக்கு ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஓட்டல் வாசலில் மீசை வைத்த ஒருவர், பெரிய தலைப்பாகை, கையில் வேல். குனிந்து கும்பிட்டார். பிறகு வேர்வை துடைக்கத் தலைப்பாகையை எடுத்தார். அது கட்டியது இல்லை, தைத்து வைத்தது, பானை மூடி மாதிரி முழுசாக வந்தது. எங்கள் அப்பா இந்தப் பக்கத்துத் தோல் கிடங்கில் வேலை செய்தவர். மேஸ்திரி எதிரில் வந்தால் தலைத்துண்டை இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். வைத்திருந்தால் திமிர் என்பார்கள். இங்கே தலையில் ஏற்றினால்தான் மரியாதை என்கிறார்கள். தலை அதேதான்.

உள்ளே இலை போடுகிற பெண்கள் ஆறு பேர். எல்லோருக்கும் அரக்குச் சேலை, ஒரே அளவுப் பொட்டு, ஒரே அளவுப் பூ. கிட்டத்தில் பார்த்தால் பூ பிளாஸ்டிக். எனக்குப் பரிமாறியது இருபது வயதுப் பெண்.

“இந்தப் பொட்டு உன்னுதா?” என்று கேட்டேன்.

“கடையோடதும்மா. காலையில குடுப்பாங்க. போறப்ப எடுத்துடணும்.”

“கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்க, புருஷன் இல்லாதவங்க?”

“அதெல்லாம் யாரும்மா கேக்கறாங்க? எல்லாருக்கும் ஒரே சைஸ்.” சோற்றைப் போட்டுவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். “நீங்க முன்ன இங்கதானே வேலை பார்த்தீங்க?”

“இல்லையே.”

“பொய் சொல்லாதீங்கம்மா. அதோ நீங்கதானே?” என்று எனக்குப் பின்னால் கையைக் காட்டினாள்.

திரும்பினேன். சுவர் முழுக்க ஒரு படம். நீளப் பந்தியில் நான் குனிந்து இலை போட்டுக்கொண்டிருந்தேன். என் நெற்றி, என் பொட்டு, சிரிப்பில் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிற என் வாய். சேலை மட்டும் என்னுடையது இல்லை. அது பாக்கியம் என்று புத்திக்குப் படுவதற்குள் கையில் பிசைந்திருந்த சோறு ஆறிவிட்டது. எங்கள் இருவருக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். சின்ன வயதிலேயே மாறிக் கூப்பிடுவார்கள். ஆனாலும் எனக்கே என்னைப் போலத் தெரிந்தது அன்றைக்குத்தான். பாயசம் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பொத்தேரி. ஸ்டெல்லா அங்கே ஸ்டேஷனில் நிற்பதாகச் சொன்னாள். தாம்பரத்தில் நான் ஏறிய மின்சார ரயில் பொத்தேரிக்குப் போகாமல் சானடோரியம், குரோம்பேட்டை என்று எதிர்த்திசையில் போனது.

“இது பீச் போற வண்டிம்மா. எறங்கி மாறுங்க,” என்றாள் எதிர் சீட்டில் இருந்தவள். வண்டியில் எல்லோரும் அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அட்டையிலிருக்கிற முகம் ஒன்றுகூடக் கழுத்துக்கு மேலே இருக்கிற முகத்தோடு ஒத்துப்போகவில்லை. இறங்கி மாறி, பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

சமையல்கூடம் என்று சொன்னது பெரிய தகரக் கொட்டகை. ஹாஸ்டல்களுக்கும் ஆபீஸ்களுக்கும் இங்கிருந்துதான் வேனில் சாப்பாடு போகிறது. நுழைந்ததும் ஒரு நடை. ஒரு பக்கம் கை கழுவுகிற தொட்டி, எதிரில் ஸ்டீல் பீரோ, நடை முடிகிற இடத்தில் பூட்டிய கதவு. கதவின் பக்கத்தில் சின்னத் திரை. அதில் முகத்தைக் காட்டினால்தான் கதவு திறக்குமாம், வருகைப் பதிவும் அதுதானாம்.

நான் போனபோது பெண்கள் வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். வளையலைக் கழற்றினார்கள். பூவை எடுத்துப் பைக்குள் போட்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியும் நெற்றிப் பொட்டை நகத்தால் கிள்ளி எடுத்து அந்த ஸ்டீல் பீரோக் கதவில் ஒட்டினாள். அவரவருக்கு என்று இடம் இருந்தது. வட்டப் பொட்டு, நீளப் பொட்டு, கல் வைத்தது, கறுப்பு. ஐந்தாறு வரிசையாக நிறைந்துபோயிருந்தது. ஒட்டி முடித்துத் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டதும் எல்லா முகமும் ஒன்றாகிப்போனது. பீரோதான் அவர்களைப் போல இருந்தது. நடையில் நடக்கும்போது அத்தனை நெற்றியும் அங்கிருந்து பார்ப்பது போல எனக்குப் பட்டது.

“ஒரு பொட்டு சாம்பார்ல விழுந்தாப் போதும் பெரியக்கா, ஹாஸ்டல் பசங்க போட்டோ எடுத்து ஊரு பூரா அனுப்பிடுவாங்க,” என்றாள் ஸ்டெல்லா. “ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி போறப்ப அவங்கவங்க பொட்ட எடுத்துக்குவாங்க. மாறவே மாறாது.”

கடைசி வரிசையில், மற்றதை விட்டுத் தள்ளி, ஓர் அரக்குப் பொட்டு இருந்தது. அதன்மேல் மெல்லிய தூசி.

“அது யாருது?”

மேற்பார்வை பார்க்கிற தம்பி அப்போது வந்துவிட்டார். பெட்டிகள் உள்ளேதான் இருக்கின்றன, உள்ளே வர வேண்டுமானால் யாராக இருந்தாலும் பொட்டு, வளையல் கூடாது, தலைக்குத் தொப்பி வேண்டும் என்றார். எங்கள் ஊரிலும் நகராட்சி அதிகாரிகள் வந்து தொப்பி போடச் சொல்வார்கள். கொண்டையின் மேல் போட்டுக்கொள்வேன். என் நெற்றியில் கை வைக்க யாரும் துணிந்ததில்லை.

“என் புருஷன் உயிரோட இருக்கார் தம்பி,” என்றேன்.

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா.”

தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்த தேவி என்ற பெண் திரும்பினாள். “எங்க ஊட்டுக்காரன் கூட நல்லாத்தான் கீறான் ஆயா. பொட்டு எட்த்தா புருஷனுக்கு ஆவாதுன்னாங்க. நானும் ஆறு வருசமா டெய்லி எட்த்துப் பாக்கறேன், அவனுக்கு ஒண்ணும் ஆவ மாட்டேங்குது!”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வைப்பது ஒட்டுப் பொட்டு இல்லை, குங்குமம். கிள்ளி எடுத்து எங்கும் ஒட்டி வைக்க முடியாது, துடைத்தால் போனதுதான். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். போனால், எதற்கு வந்தேனோ அது தெரியாமலே போக வேண்டும். முந்தானையைக் குழாயில் நனைத்தேன். அதே கை, அதே ஈரத் துணி. இந்தத் தடவை என் நெற்றி. தொப்பியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது பீரோக் கதவில், பொட்டுகளுக்கு நடுவில், பாக்கியம் நின்றாள்.

ஸ்டெல்லா கதவைத் திறக்கச் சாவி வாங்கப் போயிருந்தாள். எனக்குச் சட்டம் தெரியாது. மற்றவர்களைப் போல நானும் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். ஒரு பச்சை வட்டம் என் முகத்தைச் சுற்றி வந்தது.

“தேங்க் யூ, பாக்கியம்,” என்றது அது.

கதவு டக்கென்று திறந்தது.

குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “இன்னாடி இது,” என்று தேவி சன்னமாகச் சொன்னாள். மேற்பார்வைத் தம்பி ஓடிவந்தார். அக்கா தங்கச்சி முகம் ஒன்றாக இருக்கும், மிஷினில் இன்னும் பேரை எடுக்கவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவர்தான் திரையை விட்டு இரண்டடி தள்ளி நின்றார். நான் உள்ளே போனேன். எனக்குப் பின்னால் ஒருத்தியும் உடனே வரவில்லை.

பெட்டியில் இருந்தது கொஞ்சம்தான். ஒரு தொப்பி, ரப்பர் செருப்பு, சீப்பு, காகிதத்தில் மடித்த மூக்குத்தி. அதற்கும் அடியில் ஓர் அட்டை அரக்குப் பொட்டு. பாதி தீர்ந்திருந்தது.

“அப்ப அந்தப் பீரோவுல இருக்கறது இவளோடதுதானா?” என்றேன்.

ஸ்டெல்லா தலையசைத்தாள். “கடைசி நாள் எடுக்க மறந்துட்டுப் போயிட்டாங்க. அப்புறம் யாரும் எடுக்கல பெரியக்கா. எடுக்க மனசு வரல.”

“வீட்டுல ஒரு தடம்கூட இல்லையே?”

“காலையில ரயில் ஏறினதும் வெச்சுக்குவாங்க. இங்க வந்து பீரோவுல ஒட்டுவாங்க. போறப்ப எடுத்து வெச்சுக்கிட்டு ரயில்ல வருவாங்க. எறங்கறதுக்கு முன்னாடி எடுத்துடுவாங்க. ஏன்க்கா, ரயிலுக்கு மட்டும் ஒரு பொட்டான்னு நான் கேலி பண்ணுவேன்.”

“அதுக்கு என்ன சொல்லுவா?”

ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “பொட்டு வெச்சு ஜன்னல் கண்ணாடியில பார்த்தா எங்க அக்கா தெரியறான்னு சொல்லுவாங்க. உங்ககிட்ட பேசிக்கிட்டே வருவாங்க பெரியக்கா. நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். முட்டி வலி, கத்தரிக்கா சொத்தை, எல்லாம் சொல்லுவாங்க. சில நாள் சண்டை. ‘நீ பெரியவன்னா கூப்பிட மாட்டியா’ன்னு கேப்பாங்க. ஸ்டேஷன் வந்ததும் ‘சரிக்கா’ன்னு சொல்லிட்டுப் பொட்ட எடுத்துடுவாங்க.”

முதல் நாள் குடை ஏன் விழுந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பொட்டோடு மேற்குத் தாம்பரத்தில் படி இறங்கி வருகிற பாக்கியத்தைத்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

நான் அட்டையிலிருந்து ஒரு பொட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். சமையல்கூடத்துக்குள் கூடாதுதான். யாரும் தடுக்கவில்லை. வெளியே போகவும் கதவுக்கு உள்பக்கம் இன்னொரு திரையில் முகம் காட்ட வேண்டும். காட்டினேன். பச்சை வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. தெரியவில்லை என்று சிவப்பாகக் காட்டியது.

“பொட்டோட அதுக்குத் தெரியாது பெரியக்கா. எடுத்துட்டுக் காட்டுங்க.”

“ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். எடுக்க மாட்டேன்,” என்றேன். தம்பி பெருமூச்சு விட்டு, வேனில் சாப்பாடு ஏற்றுகிற பின்கதவு வழியாக என்னை அனுப்பிவைத்தார். தலை நிமிர்ந்துதான் வந்தேன்.

நாலாம் நாள் மத்தியானம் ஸ்டெல்லா போன் செய்தாள்.

“பெரியக்கா, மிஷின்ல பாக்கியம்க்கா இன்னும் உள்ளதான் இருக்காங்க. நேத்து வந்தவங்க வெளிய போகலன்னு காட்டிக்கிட்டே இருக்கு. அவங்க நின்ன மேசையில காய் நறுக்க ஒருத்தியும் வர மாட்டேங்கறா. தேவி பாதியிலயே வீட்டுக்குப் போயிட்டா.”

“இப்ப என்ன செய்யறாங்க?”

“சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வந்து முகத்தையும் பேரையும் அழிச்சிடறாங்களாம். அழிச்சிட்டா சரியாயிடும்னு சொல்றாங்க.”

பாக்கியத்தின் கண்ணாடிக்கு முன்னால் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை நான் அழித்தேன். அதைச் சரியென்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

“அழிக்க வேணாம்னு சொல்லு. நான் வந்து அவளக் கூட்டிக்கிட்டுப் போறேன்,” என்றேன்.

இந்தத் தடவை சரியான வண்டியில் ஏறினேன். மறுநாள் காலையில் ஊர் திரும்ப வேண்டியவள், முட்டி வேறு வீங்கியிருந்தது. பின்கதவு வழியாகவே உள்ளே விட்டார்கள். தம்பி ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள். முந்தானையை நனைத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் துடைக்கச் சொல்லவில்லை. பாக்கியத்தின் தொப்பியையே போட்டுக்கொண்டு உள்பக்கத் திரைக்கு முன்னால் நின்றேன். பச்சை வட்டம் வந்தது.

“தேங்க் யூ, பாக்கியம்.”

கதவு திறந்தது. நான் உடனே போகவில்லை. கதவைக் கையால் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். பந்தியில் பின்னால் வருகிறவளுக்கு வழிவிடுவோமே, அது மாதிரி. ஒருத்தி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துபோக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு நானும் வெளியே வந்து கதவை விட்டேன்.

எதிரில் ஸ்டீல் பீரோ. வரிசை வரிசையாகப் பொட்டுகள். கடைசி வரிசையில், தள்ளியிருந்த இடத்தில், தூசிக்கு நடுவே ஒரு சுத்தமான வட்டம் மட்டும் இருந்தது. பொட்டு இல்லை.

“யாரு எடுத்தது?” என்றேன்.

ஸ்டெல்லா எல்லோரையும் கேட்டாள். காலையில் இருந்தது என்றார்கள். தானாகவே கழன்று விழுந்திருக்கலாம் என்று குனிந்து தரையெல்லாம் தேடினார்கள். நான் தேடவில்லை. வேலை முடிந்து போகிறவள் தன் பொட்டை எடுத்துக்கொண்டுதானே போவாள்.

திரும்பும்போது ஜன்னலோர சீட் கிடைத்தது. வண்டலூர் தாண்டும்போது வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அட்டையில் மிச்சமிருந்ததில் ஒன்றை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் பொட்டு வைத்த ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் இழுத்த வாய். அவள் பேசட்டும் என்று பெருங்களத்தூர்வரை பார்த்தேன். அடுத்தது தாம்பரம், இறங்க வேண்டும்.

“பாக்கியம்,” என்று நானே முதலில் கூப்பிட்டேன்.